பழிவாங்கும் படங்களும் பழிவாங்காத செல்வியும்

தமிழில் 'பழி' என்ற சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. செய்த குற்றமும் பழி. செய்யாதவன்மீது சுமத்தப்படுவதும் பழி. குற்றத்துக்குப் பதிலாகச் செய்யப்படுவதும் பழிதான். 'பழி வாங்குதல்' என்னும்போது, பழி தீர்க்கப் புறப்பட்டவன் எதிரியிடமிருந்து எதையோ பெற்றுக்கொள்கின்றான் என்பதையும் சேர்த்தே நமது மொழி சொல்கின்றது. அப்படிப் பெற்றது பிறகு அவன் கையிலேயே தங்கிவிடுகின்றது. பழிவாங்கும் கதையைச் சொல்லும் திரைப்படங்களை மதிப்பிட இந்த ஒரு சொல்லே போதுமான உரைகல் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நுவரெலியா மாவட்டத்தின் தோட்டப்புறப் பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பிப்பவன் நான். தமிழ்த் தினப் போட்டிகள் நெருங்கும் காலத்தில் மாணவர் எழுதும் சிறுகதைகளைக் கட்டுக்கட்டாக வாசிக்க நேர்கின்றது. பத்துக் கதைகளில் மூன்றிலாவது கதாநாயகனின் தாய் கொல்லப்படுகின்றாள். அடுத்த பந்தியில் அவன் பதினைந்து பேரைக் கொன்றுவிடுகின்றான். அந்தத் தாய் எந்த மலையில் கொழுந்து பறித்தாள், மகனை என்ன பெயர் சொல்லி அழைத்தாள், அவள் இறந்த மறுநாள் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று கேட்டால் எழுதிய பிள்ளைக்குப் பதில் தெரிவதில்லை. பிள்ளையில் குற்றமில்லை. அவன் பார்த்த படங்கள் அப்படித்தான் கற்றுக்கொடுத்திருக்கின்றன. எண்பதுகளில் தோட்டத்துத் திருவிழாவென்றால் டெக்கும் தொலைக்காட்சிப் பெட்டியும் வாடகைக்கு எடுத்து, விடியும்வரை மூன்று படங்கள் ஓட்டுவார்கள். அவற்றில் ஒன்றாவது பழிவாங்கும் படமாக இருக்கும். எனது தலைமுறையும் அந்த வெளிச்சத்தில் வளர்ந்ததுதான்.

ஆனால் பழிவாங்கும் கதைக்கு நம்மிடமுள்ள ஆதி உதாரணம் இவ்வளவு அவசரப்பட்டதல்ல. சிலப்பதிகாரத்துக் கண்ணகியை எடுத்துக்கொள்வோம். கணவன் கொலையுண்ட செய்தி கேட்டவுடன் அவள் தீ வைக்கவில்லை. முதலில் நம்ப மறுக்கின்றாள்; பின்னர் உடலைக் காண்கின்றாள்; அதன்பின் அரசவைக்குச் சென்று வழக்குரைக்கின்றாள். சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைச் சாட்சியாக்குகின்றாள். அரசன் தன் தவறை உணர்ந்து உயிர்விட்ட பின்னரும் சினம் அடங்காதபோதே மதுரை எரிகின்றது. அப்போதும் முதியோரையும் குழந்தைகளையும் அறவோரையும் தொடாதே என்று தீக்கடவுளுக்கு அவள் எல்லை வகுக்கின்றாள். பழியின் நியாயத்தைக் காப்பியம் அவ்வளவு கவனமாகக் கட்டியிருக்கின்றது. இருந்தும் ஒரு கேள்வி மிஞ்சுகின்றது: ஓர் அரசன் செய்த பிழைக்கு ஒரு நகரம் ஏன் எரியவேண்டும்? இக்காப்பியம் 1942இல் 'கண்ணகி'யாகவும் 1964இல் 'பூம்புகார்' ஆகவும் தமிழ்த் திரைக்கு வந்தது. இலங்கையிலே கண்ணகி தமிழருக்கு அம்மனாகவும் சிங்களவருக்குப் பத்தினித் தெய்வமாகவும் வணங்கப்படுகின்றாள். ஆனால் அந்தக் கேள்வியை நம் நாட்டில் இரு தரப்பாரும் போதிய அளவு கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

'கண்ணகி' திரைக்கு வந்த அதே 1942இல்தான் மலையகத்தில் வீராசாமி, வேலாயுதன் என்ற இரு தோட்டத் தொழிலாளர் தூக்கிலிடப்பட்டனர். புப்புரஸ்ஸைப் பகுதியிலுள்ள ஸ்டெலன்பேர்க் தோட்டத்துத் துரை போப் 1941இல் கொல்லப்பட்ட வழக்கில் அவர்களுக்கு இத்தண்டனை விதிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு, 1940 ஜனவரியில், முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் கோவிந்தன் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்திருந்தார். தோட்டங்களில் தொழிற்சங்கம் வேரூன்றத் தொடங்கி, அதற்கெதிரான அடக்குமுறையும் கடுமையான காலம் அது. அன்று வேலைநீக்கம் என்பது சம்பளத்தை மட்டும் இழப்பதன்று. லயத்து அறையும் போய்விடும். வேறு தோட்டத்தில் சேர்வதும் கடினம். யார் அடித்தது என்பது நீதிமன்றத்துக்குப் போதுமான கேள்வி. கதை எழுதுகின்றவனுக்கு அது போதாது. அடித்த கைக்கு முன்னால் எத்தனை நாள், எத்தனை அவமானம், எத்தனை வாசலில் நின்று திரும்பிய அனுபவம் என்பதை அவன் கேட்கவேண்டும். அவ்வாறு கேட்பது கொலையை நியாயப்படுத்துவதாகாது. அந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால்தான் கொலைசெய்தவனையும் மனிதனாக நம்மால் காணமுடியும்.

தமிழ்த் திரையில் எண்பதுகளின் தொடக்கம் பழிவாங்கும் படங்களின் பொற்காலமாக இருந்தது எனலாம். எஸ்.ஏ. சந்திரசேகரன் இயக்கிய 'சட்டம் ஒரு இருட்டறை' 1981இல் வந்தது. அவரே 1985இல் ரஜினிகாந்தை வைத்து 'நான் சிகப்பு மனிதன்' எடுத்தார். குடும்பத்துக்கு நேர்ந்த கொடுமையால் இரவில் துப்பாக்கியோடு அலையும் ஒரு கல்லூரி ஆசிரியரின் கதை அது. ஹிந்தியில் முந்திய ஆண்டு வந்த 'ஆஜ் கீ ஆவாஸ்' படத்தின் தமிழ் வடிவம் இது. இவற்றுக்கெல்லாம் பின்னால் நிற்பது 1974இல் வந்த அமெரிக்கப் படமான 'டெத் விஷ்'. அதில் கவனிக்கவேண்டிய விடயம் ஒன்றுண்டு. மனைவியைக் கொன்றவர்களை அதன் நாயகன் கடைசிவரை கண்டுபிடிப்பதேயில்லை. அவன் சுடுவதெல்லாம் வேறு ஆட்களை. இழப்பு ஓரிடத்தில் நிகழ, தண்டனை இன்னோரிடத்தில் இறங்குகின்றது. பார்வையாளர் கைதட்டுகின்றனர். மூல நாவலை எழுதிய பிரையன் கார்பீல்டுக்கே படம் தன் நாயகனைக் கொண்டாடிய விதம் பிடிக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இதை வெறும் திரைக்கதைக் குறையாக நான் பார்க்கவில்லை. 1983 ஜூலை 23ஆம் திகதி யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் பதின்மூன்று இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். மறுநாள் கொழும்பில் தொடங்கிய தீ அந்த வாரத்திலேயே மலையேறி வந்து நுவரெலியா நகரத்துக் கடைகளையும் எரித்தது. திருநெல்வேலி எந்தத் திசையில் இருக்கின்றது என்றே அறியாத மக்கள் அதற்கு விலை கொடுத்தனர். 2018 மார்ச்சில் ஒரு சாரதியின் மரணத்தின்பின் திகனையிலும் அயலூர்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர், மே மாதத்தில் மினுவாங்கொடையிலும் குருநாகல் மாவட்டத்துக் கிராமங்களிலும் அதுவே நடந்தது. யாரோ செய்ததற்கு யாரோ கணக்குத் தீர்க்கப்பட்டனர். துயரத்துக்கு உரியவர் ஒருவர். அந்தத் துயரத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியவர் வேறொருவர்.

இந்த வேறுபாட்டை மிகப் பழைய ஒரு வரலாறு நமக்குத் தெளிவாகக் காட்டியிருக்கின்றது. முஸ்தபா அக்காதின் 'தி மெசேஜ்' படத்தை வீடியோ நாடாவில் பார்த்தவர்கள் நம்மில் பலர். 1976இல் வெளியான அப்படத்திலும், அறபியில் தனியாக எடுக்கப்பட்ட 'அர்ரிஸாலா'விலும் உஹதுக் களம் வருகின்றது. பத்ரிலே தந்தை உத்பா உட்பட நெருங்கிய உறவினர்களை இழந்த ஹிந்த் பழிக்காகத் தவிக்கின்றார். ஆனால் ஈட்டியை எறிவது வஹ்ஷி. அவருக்கு ஹம்ஸா (ரழி) அவர்கள்மீது எந்தப் பகையும் இல்லை. அடிமையான அவருக்குத் தேவைப்பட்டது விடுதலை. துயரம் ஓர் உள்ளத்தில், ஆயுதம் இன்னொரு கையில். இரண்டும் நம்பத்தக்க நோக்கங்களே. இரண்டையும் தனித்தனியே காட்டியமையால்தான் அக்காட்சி இன்றும் நெஞ்சில் நிற்கின்றது. பின்னாளில் இருவரும் இஸ்லாத்தை ஏற்றதும், தம் சிறிய தந்தையின் மரணத்தால் வெந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பழிதீர்க்காது விட்டதும் நாம் அறிந்த வரலாறு. கொல்லப்பட்டவரின் உறவினருக்கு நீதி கோரும் உரிமையை வழங்கி, அதற்கு எல்லையும் வகுத்து, மன்னிப்பை அதனினும் மேலாக வைத்தது நமது மார்க்கச் சட்டம். குலத்தில் ஒருவனுக்காகக் குலத்தையே வெட்டும் வழக்கத்துக்கு அது வைத்த தடை சிறியதன்று. அக்காத் 2005 நவம்பரில் அம்மான் ஹோட்டல் குண்டுவெடிப்புகளில் சிக்கி மகளோடு உயிரிழந்தார் என்பதை இங்கு துயரத்தோடு நினைவுகூரவேண்டியுள்ளது.

தமிழ்த் திரை இந்த ஆழத்தைத் தொட்ட சந்தர்ப்பங்களும் உண்டு. மணிரத்னத்தின் 'நாயகன்' (1987) அவற்றில் ஒன்று. வேலு நாயக்கர் ஒரு பொலிஸ் அதிகாரியைக் கொல்கின்றார். அக்கதை அங்கே முடிந்துவிடவில்லை. இறந்தவனுக்கு ஒரு மனைவியும் மனவளர்ச்சி குன்றிய ஒரு மகனும் இருப்பதை அவர் காண்கின்றார். உதவியும் செய்கின்றார். கடைசியில் அந்த மகனின் துப்பாக்கிக்கே இரையாகின்றார். நாயகனின் பழி இன்னொரு வீட்டில் துயரமாகப் பிறந்து வளர்ந்ததைப் படம் மறக்கவில்லை. அண்மையில், 2024இல், நித்திலன் சாமிநாதனின் 'மகாராஜா' இதே உண்மையை வேறு வழியில் சொன்னது. சிகை அலங்கரிப்பவனான நாயகன் காணாமற்போன குப்பைத் தொட்டியைத் தேடுவதாகப் பொலிஸ் நிலையத்தில் நிற்கின்றான். அவனது உண்மை நோக்கம் நெடுநேரம் மறைக்கப்படுகின்றது. முடிவில் குற்றவாளி தான் அழித்தது எவருடைய பிள்ளையை என்று அறிகின்றான். அந்த அறிதலே தண்டனை. ஆனாலும் இரத்தத்தை நிறையவே காட்டிய பின்னர்தான் படம் அங்கு வந்து சேர்கின்றது என்பது என் குறை.

முஸ்லிம் வாசகர் நின்று பேசவேண்டிய படம் கமல்ஹாசனின் 'ஹே ராம்' (2000). அது வெளியானபோது நம்மவரிடையே பல சந்தேகங்கள் இருந்தன. இன்று நிதானமாகப் பார்க்கும்போது, துயரம் எவ்வாறு வெறுப்பாக மாற்றப்படுகின்றது என்பதை அதுபோல் படிப்படியாகக் காட்டிய தமிழ்ப் படம் அரிது எனத் தோன்றுகின்றது. 1946 ஓகஸ்ட் 16 கல்கத்தாக் கலவரம். சாகேத் ராமின் மனைவி அபர்ணா குதறப்பட்டுக் கொல்லப்படுகின்றாள். அதற்கு முன்னரே அவ்விருவரின் அன்னியோன்யத்தைப் படம் விரிவாகக் காட்டிவிடுகின்றது. ஆகவே நாம் இழப்பது ஒரு 'கதாநாயகி'யை அல்ல, நமக்குத் தெரிந்த ஒருத்தியை. குற்றவாளிகளில் ஒருவன் அவர்களுக்குப் பழக்கமான தையற்காரன் அல்தாப். ராம் அவனைக் கொல்கின்றான். கணக்குப்படி பழி அங்கே தீர்ந்திருக்கவேண்டும். தீரவில்லை. அவன் தொடர்ந்து அறிமுகமற்றவர்களையும் சுடுகின்றான். அப்போதுதான் அபயங்கர் என்பவன் எதிர்ப்படுகின்றான். திசையற்று நின்ற துயரத்துக்கு அவன் ஒரு கொள்கையையும் ஓர் இலக்கையும் கொடுக்கின்றான். இலக்கு காந்தி. துயரம் ராமுடையது. நோக்கம் இரவல் வாங்கியது. கலவரங்களின் இயக்கம் இதுதான் என்பதை நம் நாட்டில் நாம் கண்டிருக்கின்றோம். ராமின் நண்பன் அம்ஜத் சாகும் தறுவாயில் ஒரு பொய் சொல்கின்றான். தன் நண்பனைக் காட்டிக்கொடுக்காத பொய். ராம் மீண்டு வருவதற்கு அந்தப் பொய்யும் ஒரு காரணம்.

நண்பனுக்காகச் சொல்லப்படும் பொய் எப்போதும் அப்படி உயர்ந்ததாக இருப்பதில்லை. இங்கேதான் நம் மலைகளுக்கு வருகின்றேன். சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகே 2012இல் எடுத்த 'ஒப நத்துவா ஒப எக்கா' என்ற படம் தமிழில் 'பிறகு' எனப் பெயர் பெற்றது. தேயிலை மலைகளுக்கு நடுவே ஒரு சிறு நகரம். அங்கே சரத்சிறி என்ற சிங்களவர் அடகுக்கடை நடத்துகின்றார். யுத்தத்துக்குத் தப்பி வடக்கிலிருந்து வந்து தங்கியிருக்கும் செல்வி தன் நகைகளை ஒவ்வொன்றாக அடகு வைக்க வருகின்றாள். இருவரும் மணம் முடிக்கின்றனர். பின்னர் பழைய நண்பன் ஒருவன் வந்துபோக, சரத்சிறி முன்னாள் இராணுவச் சிப்பாய் என்பது தெரியவருகின்றது. ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையில் உண்மையின் பக்கம் நிற்காது தன் படைத் தோழர்களின் பக்கம் நின்றவர் அவர். செல்வியோ சகோதரர்களை யுத்தத்தில் இழந்தவள்.

இது தொஸ்தோயெவ்ஸ்கி 1876இல் எழுதிய நீண்ட கதையொன்றின் தழுவல். பிரான்சில் ரொபர்ட் பிரெசோன் 1969இல் அதைப் படமாக்கினார். இந்தியாவில் மணி கௌல் 'நஸர்' என்ற படமாக எடுத்தார். மூலக்கதையில் அடகுக்கடைக்காரன் மறைப்பது தனது கோழைத்தனத்தை. துவந்த யுத்தத்துக்கு அஞ்சிப் படையை விட்டு விலகியவன் என்ற அவப்பெயர் அவனுக்கு. உறங்குவதுபோல் கிடக்கும் கணவனின் நெற்றிப்பொட்டில் மனைவி கைத்துப்பாக்கியை வைக்கின்றாள். அவன் ஒரு கணம் கண் திறந்து மூடிக்கொள்கின்றான். அவள் சுடவில்லை. பிற்பாடு அவன் மனம் மாறி, கடையை விட்டுவிட்டுத் தூரதேசம் போவோம் என்று மன்றாடும்போது, அவள் யன்னலிலிருந்து குதித்து உயிரை மாய்த்துக்கொள்கின்றாள். விதானகே இந்த எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு இரகசியத்தை மட்டும் மாற்றினார். மாற்றியதும் தனிமனிதன் ஒருவனின் வெட்கம் ஒரு நாட்டின் வெட்கமாகிவிட்டது.

எங்கள் ஊரில் உயர்தர மாணவர் சிலரோடு இதைப் பற்றிப் பேசியபோது ஒரு மாணவி கேட்டாள்: "சேர், துவக்கு கையில இருந்தும் அவ ஏன் சுடல்ல?" இன்னொரு மாணவன், "அவ சுட்டிருந்தா படம் நல்லா இருந்திருக்கும்" என்றான். நான் அவர்களைக் கேட்டேன்: "சுட்டிருந்தா அவ யாரைச் சுட்டிருப்பா? அண்ணன்மாரைக் கொன்ற ஆளையா, தனக்குச் சோறு போட்ட ஆளையா?" வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. பிறகு அந்த மாணவியே சொன்னாள்: "ரெண்டும் ஒரே ஆள்தானே சேர், அதுதான் பிரச்சினை."

அவளுடைய பதிலை மிஞ்சிய விமர்சனம் எனக்குத் தெரியாது. சாதாரண பழிவாங்கும் படத்தில் எதிரி முழுமையான எதிரி. அவனைக் கொல்வதில் நாயகன் இழப்பதற்கு எதுவுமில்லை. செல்வியின் நிலை அப்படியன்று. அவள் எதிரே இருப்பவன் அவள் சகோதரர்களைக் கொன்றவனல்லன். கொன்றவர்களின் அணியில் நின்றவன். அவளை நேசிப்பவனும் அவனே. அவன்மீது சுடுவதென்றால் ஓர் இராணுவம் முழுவதையும் அந்த ஒற்றை உடம்பில் வைத்துச் சுடவேண்டும். அது அவளால் முடியவில்லை. மன்னிக்கவும் முடியவில்லை, ஏனெனில் அவன் மன்னிப்பைக் கேட்பது தன் நிம்மதிக்காகவே. கொல்லவும் மன்னிக்கவும் இயலாத துயரம் அவளையே தின்றுவிடுகின்றது. அவளுடைய மரணத்தைத் தீர்வாகக் கொள்ளக்கூடாது. யார் ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்ல வழியின்றி ஒரு துயரம் பூட்டிவைக்கப்பட்டால் என்ன நேரும் என்ற எச்சரிக்கை அது. தோட்டப்புறங்களில் வேலை செய்யும் ஆசிரியர்களுக்கு இந்த எச்சரிக்கையின் பாரம் தெரியும்.

செல்வியாக நடித்த அஞ்சலி பட்டீலுக்கு 2012இல் கோவா சர்வதேசத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான விருது கிடைத்தது. ஆனால் 2014இல் சென்னையில் இப்படம் திரையிடப்பட்டபோது எதிர்ப்பும் மிரட்டலும் வந்து காட்சிகள் நிறுத்தப்பட்டன. அதே விதானகே முன்னர் எடுத்த 'புரஹந்த களுவர' படையினரின் குடும்பத் துயரத்தைச் சொன்னதற்காகத் தென்னிலங்கையில் தடைசெய்யப்பட்டு, நீதிமன்றத் தீர்ப்பின் பின்னரே திரைக்கு வந்தது. மகனின் சவப்பெட்டிக்குள் மகன் இல்லை என்று நம்பும் கண்பார்வையற்ற ஒரு சிங்களத் தந்தையின் கதை அது. துயரத்தை அதற்குரியவரின் துயரமாக மட்டும் காட்டினால் இரு தரப்பிலும் சிலருக்குக் கோபம் வருகின்றது. ஏனெனில் அவர்களுக்கு வேண்டியது அடுத்த பழிக்கான எரிபொருள். 'பிறகு'விலும் எனக்குக் குறைகள் உண்டு. மலைகள் அழகாக இருக்கின்றன. ஆனால் அம்மலைகளில் இருநூறு ஆண்டுகளாக உழைப்பவர்களின் சொந்தத் துயர் அங்கே கதையாகவில்லை. செல்வியையும் பெரும்பாலும் சரத்சிறியின் கண்களாலேயே காண்கின்றோம். அவள் உள்ளம் முழுதாகத் திறக்கப்படவில்லை. அதை எழுதவேண்டியவர்கள் நாம்தான்.

அதனால்தான் இதை இவ்விதழில் எழுதுகின்றேன். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டதையும், அதே ஆண்டு ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டதையும் நம் கவிஞர்களும் கதாசிரியர்களும் எழுதியிருக்கின்றனர், இன்னும் எழுதுவார்கள். எழுதப்படவேண்டியதே. அந்நாட்களில் கிழக்கில் நடந்த பதிலடிகளில் தமிழ்க் கிராமங்களிலும் அப்பாவிகள் இறந்தனர். அவற்றில் நம்மவரின் கைகளும் இருந்தன. அந்தக் கைகளுக்குரியவர்களின் நோக்கம் என்ன, அவர்களில் எத்தனைபேர் இழந்தவர்கள், எத்தனைபேர் வஹ்ஷியைப் போல் வேறு காரணத்துக்காக ஆயுதம் எடுத்தவர்கள் என்பதை நம் புனைகதைகள் இன்னும் போதுமான அளவு கேட்கவில்லை.

எழுத வரும் இளையவர்களுக்கு ஓர் ஆசிரியனாக நான் சொல்லக்கூடியவை சில. இறந்தவரை இறப்பதற்கு முன் நமக்கு அறிமுகப்படுத்துங்கள். இழப்புக்கும் ஆயுதத்துக்கும் இடையில் கடந்த நாட்களைக் காட்டுங்கள். துயரப்பட்டவனுக்கு இலக்கைக் காட்டியவன் யார் என்று தேடுங்கள். சுடப்படுபவனின் வீட்டுக்கும் ஒருமுறை போய்வாருங்கள். இவ்வளவும் செய்த பின்னர் உங்கள் கதாபாத்திரம் சுட்டாலும் சுடாவிட்டாலும் வாசகர் நம்புவார். நம் வாசகருக்கு அந்தத் தெளிவு இருப்பது நல்லது. மறுபடியும் ஒரு நாள் யாரோ ஒருவரின் துயரத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டம் தெருவில் இறங்கும்போது, இந்தத் துயரம் உண்மையில் யாருடையது என்று கேட்கத் தெரிந்த சிலராவது அவ்வூரில் இருப்பார்கள்.